ராகேஷ் சர்மா திரும்பி வந்த சோயுஸ் கலம்: கோவையிலிருந்து டெல்லி போய் ஒரே நாளில் பார்த்து வர முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கமிருந்து குழந்தைகளோடு காலையில் கிளம்பி, விண்வெளிக்குப் போன முதல் இந்தியரான ராகேஷ் சர்மா திரும்பி வந்த, டெல்லி நேரு கோளரங்கத்தில் இருக்கும் சோயுஸ் விண்கலத்தைப் பார்த்துவிட்டு அன்று இரவே திரும்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்காட்சி, ஏற்றுமதி வேலை என்று டெல்லி போய் நடுவில் ஒரு நாள் சும்மா கிடைப்பவர்கள் 5ஆம் படியிலிருந்து படித்தால் போதும். ஆனால் 1ஆம் படியைத் தாண்டிவிடாதீர்கள்.

"ஏனுங்க, இதுக்கு எதுக்கு டெல்லி வரைக்கும்? பெங்களூருல, திருவனந்தபுரம் தும்பாவுல எல்லாம் இல்லீங்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு. அங்கே ராக்கெட் மாதிரிகளும் செயற்கைக்கோள் மாதிரிகளும் நன்றாகவே இருக்கின்றன. மனிதர் உட்கார்ந்து, சுற்றுப்பாதையிலிருந்து எரிந்துகொண்டே இறங்கிய நிஜக் கலத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்றால், நான் டெல்லியைத்தான் சொல்வேன்.

1. போனது எதில், வந்தது எதில் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று கஜகஸ்தானில் இருக்கும் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டது சோயுஸ் டி-11 கலத்தில். கூடப் போனவர்கள் சோவியத் வீரர்கள் யூரி மாலிஷேவ், கெனாடி ஸ்திரெகாலோவ். மறுநாள் சல்யூட்-7 விண்வெளி நிலையத்தில் இணைந்தார்கள். ஏப்ரல் 11 அன்று அதே மூவரும் தரையிறங்கியது சோயுஸ் டி-10இல். கோளரங்கத்தில் இருப்பது இந்த டி-10.

இணையத்தில் பல இடங்களில் "ராகேஷ் சர்மாவை விண்ணுக்குக் கொண்டு போன கலம்" என்று இதைப் பற்றி எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுப் போகும் குழந்தை, பலகையில் டி-10 என்று பார்த்ததும் குழம்பும். பெற்றோருக்கும் பதில் தெரியாது. குழப்பம் வீட்டிலேயே தீர்ந்துவிட வேண்டும்.

ஏன் மாறி வந்தார்கள்? சோயுஸ் கலம் சுற்றுப்பாதையில் இத்தனை நாள்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. டி-10 அந்த ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதியே மேலே போய்விட்டது. அதில் போன கிசிம், சொலவ்யோவ், ஆத்கோவ் மூவரும் நிலையத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டியவர்கள். ஒரு வாரத்துக்கு வந்த விருந்தாளிகள் பழைய கலத்தில் இறங்கிவிட, புதிய கலம் தங்குகிறவர்களுக்கு மிஞ்சும். அவர்கள் மூவரும் அக்டோபர் 2 அன்று டி-11இல் ஊர் திரும்பினார்கள். இதைக் குழந்தைகளுக்கு ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுங்கள்: சோயுஸ் மூன்று பகுதிகளால் ஆனது. முன்னால் உருண்டையாக வசிப்பறை, நடுவில் இறங்கு கலம், பின்னால் இயந்திரமும் சூரியத் தகடும் உள்ள பகுதி. பூமிக்குத் திரும்புவது நடுப்பகுதி மட்டும். மற்ற இரண்டும் வழியில் பிரிந்து காற்றில் எரிந்துபோகும். இது தெரியாமல் போனால், "இவ்வளவுதானா?" என்ற ஏமாற்றம்தான் முதலில் வரும். படத்தில் பார்த்த இறக்கை எங்கே என்று தேடுவார்கள்.

2. நாளைத் தேர்ந்தெடுப்பது

திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். கோளரங்கத்துக்கு அன்று வார விடுமுறை. சனி, ஞாயிறோடு திங்களையும் சேர்த்து விடுப்பு எடுத்து, "மூணாம் நாள் மியூசியம் பார்த்துக்கலாம்" என்று திட்டம் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பக்கத்தில் சாணக்கியபுரியில் இருக்கும் ரயில் அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அதனால் மாற்று ஏற்பாடும் கிடைக்காது.

நம் ஊரில் லீவு என்றால் பொங்கல், முழுப் பரீட்சை லீவு, காலாண்டு லீவு. பொங்கல் சமயம் டெல்லியில் கடும் மூடுபனி. காலை விமானம் மணிக்கணக்கில் தள்ளிப்போனால் ஒரு நாள் பயணம் அங்கேயே முடிந்தது. அதே மாதம் குடியரசு தின ஒத்திகைக்காக அந்தப் பகுதிச் சாலைகளை அடைப்பதும் உண்டு. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலாண்டு லீவுதான் சரியான நேரம். பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதியும் நன்றாக இருக்கும். பள்ளிக்கு ஒரு நாள் மட்டம் போட்டாலும் பரவாயில்லை என்பேன். வாத்தியார்கள் மன்னிக்கட்டும்.

சனி, ஞாயிறைவிட வாரநாள் மேல். கலத்தைச் சுற்றி நின்று நிதானமாகப் பார்க்க இடம் கிடைக்கும். விமான டிக்கெட் போடும் முன்னால் கோளரங்கம் அந்த வாரம் திறந்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பராமரிப்புக்காக இடையில் மூடினால் நமக்கு இங்கே தெரியாது.

3. மொட்டைமாடியில் ஒரு வட்டம்

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான். என் அனுபவத்தில் மொத்தப் பயணத்தின் பலனும் இதில்தான் இருக்கிறது.

சாக்பீஸும் கயிறும் எடுத்துக்கொண்டு மாடிக்கோ களத்துக்கோ போங்கள். கயிற்றை 1.1 மீட்டருக்கு அளந்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வட்டம் போடுங்கள். குறுக்களவு 2.2 மீட்டர் வரும். இறங்கு கலத்தின் அடிப்பகுதி ஏறக்குறைய இந்த அளவுதான். உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. இருக்கை, கருவிப் பலகை எல்லாம் போக ஆட்களுக்கு மிஞ்சும் இடம் 4 கன மீட்டருக்குள்.

இப்போது மூன்று பேரை வட்டத்துக்குள் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தோள்கள் நெருங்கியிருக்க வேண்டும். முழங்காலை மார்புப் பக்கமாக மடக்கிக்கொள்ள வேண்டும். அப்படியே பத்து நிமிடம். கடைசி மூன்று நிமிடம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இப்படிப் படுப்பதற்குக் காரணம் உண்டு. கலம் காற்று மண்டலத்தில் நுழையும்போது வேகம் சட்டென்று குறையும். சாதாரணமாக இறங்கினாலே உடல் எடை நாலு மடங்கு போலத் தோன்றும். ஏதாவது கோளாறாகி நேர் குத்தாக விழுந்தால் எட்டு, ஒன்பது மடங்கு. உட்கார்ந்த நிலையில் அந்த விசை தலையிலிருந்து காலுக்குப் போனால் ரத்தம் கீழே இறங்கி மயக்கம் வரும். மல்லாக்கப் படுத்தால் மார்பிலிருந்து முதுகுக்குப் போகும், தாங்கிக்கொள்ளலாம்.

வட்டத்தைப் போடாமல் போன குழந்தைகள் கலத்தைப் பார்த்து "சின்னதா இருக்கு" என்று நகர்ந்துவிடுகிறார்கள். போட்டுவிட்டுப் போனவர்கள் யார் எங்கே படுத்தார்கள் என்று தேடுகிறார்கள். பாட்டியையும் வட்டத்துக்குள் படுக்கச் சொன்ன ஒரு வீடு உண்டு. "ஏஞ் சாமி, இதுக்குள்ள காத்து வருமா?" என்று அந்தம்மா கேட்டதுதான் அன்றைக்கு எழுந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி.

4. டிக்கெட், அடையாள அட்டை, பை

கோவை பீளமேட்டிலிருந்து டெல்லிக்கு நேரடி விமானத்தில் மூன்று மணி நேரம் போல ஆகும். போக முதல் விமானம், வர கடைசி விமானம் என்று பாருங்கள். நேரடி விமானம் மட்டும் எடுங்கள். நடுவில் மாறும் டிக்கெட் ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரு இடத்தில் தாமதமானால் நாள் முழுக்கப் போய்விடும். சேலம், தர்மபுரிப் பக்கத்தவர்கள் பெங்களூரு விமான நிலையத்தையும் பாருங்கள். அங்கிருந்து டெல்லிக்கு விமானங்கள் நிறைய.

டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்குவது ஒன்றில், ஏறுவது இன்னொன்றில் என்று அடிக்கடி அமையும். ஒன்றாம் டெர்மினலுக்கும் மூன்றாம் டெர்மினலுக்கும் நடுவில் நடந்து போக முடியாது. வண்டி பிடிக்கவேண்டும். காலையில் இறங்கிய இடத்துக்கே சாயந்தரம் போய் நின்று, அங்கிருந்து ஓடுகிறவர்களைப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு ஆதார். குழந்தைகளுக்கு ஆதாரோ பள்ளி அடையாள அட்டையோ, மூலப்பிரதியாகவே எடுத்து வையுங்கள்.

பை விஷயத்தில் கறாராக இருங்கள். தோளில் மாட்டும் சிறிய பை ஒன்று, அவ்வளவுதான். டெல்லியில் ஒவ்வொரு மெட்ரோ நிலையத்திலும் பையை எந்திரத்தில் விட்டு எடுக்கவேண்டும். அருங்காட்சியக வாசலிலும் சோதனை உண்டு. உள்ளே வைக்கவேண்டியவை: தண்ணீர் பாட்டில், சிறிய டார்ச் அல்லது போன் டார்ச், நோட்டு, பென்சில், தையல்காரர் டேப். இரும்பு டேப்பைக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. திருப்பூர்க்காரர்களுக்குத் துணி டேப் எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கட்டுச்சோறு கட்டுவதானால் புளிசாதம் கட்டுங்கள், மதியம் வரை தாங்கும்.

நாள் இருக்கிறவர்கள் ரயிலில் போகலாம். ஞாயிறுதோறும் கோவையிலிருந்து நிஜாமுதீனுக்கு கொங்கு எக்ஸ்பிரஸ். தினமும் வேண்டுமென்றால் கேரளா எக்ஸ்பிரஸ், நம் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் அது ஒரு நாள் கதை இல்லை.

5. விமான நிலையத்திலிருந்து தீன் மூர்த்தி வரை

கோளரங்கம் இருப்பது தீன் மூர்த்தி வளாகத்தில். இறங்க வேண்டிய மெட்ரோ நிலையம் லோக் கல்யாண் மார்க், மஞ்சள் பாதையில் இருக்கிறது.

மூன்றாம் டெர்மினலில் இறங்கினால் விமான நிலைய விரைவு மெட்ரோவில் புதுடெல்லி வரை போய், அங்கே மஞ்சள் பாதைக்கு மாறித் தெற்கே வாருங்கள். ஒன்றாம் டெர்மினல் என்றால் மெஜந்தா பாதையில் ஹௌஸ் காஸ் வரை வந்து, மஞ்சள் பாதையில் வடக்கே போகவேண்டும். வழியைத் தாளில் எழுதி ஆளுக்கொன்று சட்டைப் பையில் வையுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று தெரியும்.

நிலையத்திலிருந்து ஆட்டோ. "தீன் மூர்த்தி, நேரு தாராமண்டல்" என்று சொல்லுங்கள், கோளரங்கத்துக்கு இந்தியில் அதுதான் பெயர். வெறும் "மியூசியம்" என்றால் பிரதமர்கள் அருங்காட்சியக வாசலில் இறக்கிவிடுவார். அதே வளாகம்தான் என்றாலும் வெயிலில் சுற்றி நடக்க நேரும். குழந்தைகளோடு நாலு பேருக்கு மேல் இருந்தால் விமான நிலையத்திலிருந்தே கார் எடுத்தாலும் செலவில் பெரிய வித்தியாசம் வராது.

6. வளாகத்துக்குள் எதை முதலில் பார்ப்பது

முதலில் வான் காட்சிக்கு டிக்கெட் வாங்கிவிடுங்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் நடக்கும், தமிழில் கிடையாது. குழந்தைகளுக்கு எது புரியுமோ அந்தக் காட்சி நேரத்தைக் கேட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து வருவதை எடுங்கள்.

அந்த ஒரு மணி நேரம் கலத்துக்கு. காட்சியை முதலில் பார்த்துவிட்டு வெளியே வந்தால் இருட்டில் உட்கார்ந்திருந்த சோர்வு, பசி, கழிப்பறை வரிசை. கலம் போகிற போக்கில் எடுத்த ஒரு செல்ஃபியாகிவிடும். காட்சி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் கலத்தைச் சூழ்ந்து நிற்கும். அந்தக் கால் மணி நேரம் வேறு எதையாவது பாருங்கள்.

பிரதமர்கள் அருங்காட்சியகம் 2022இல் திறந்தது. பெரியது, வெளிச்சமும் ஒலியுமாக ஆளை இழுக்கும். அதற்குள் முதலில் நுழைந்தவர்கள் கோளரங்கத்துக்கு வந்து சேரும்போது சாயந்தரம் ஆகிவிடுகிறது. வேண்டுமென்றால் கடைசியாக, மிச்ச நேரத்துக்கு.

7. கலத்தைப் பார்ப்பது: கீழிருந்து மேலாக

எல்லோரும் முகம் உயரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தக் கலம் இறங்குவதற்காகவே செய்த பொருள். இறங்கும்போது முன்னால் வந்தது அடிப்பக்கம். அதனால் பார்வையும் அங்கேதான் தொடங்கவேண்டும்.

முதலில் நாலைந்து அடி தள்ளி நின்று வடிவத்தைப் பாருங்கள். பழைய புல்லட் ஹெட்லைட்டைக் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். அகன்ற பக்கம் காற்றை மோதி வேகத்தைக் குறைக்கும். எடை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதால் கலம் சற்றுச் சாய்ந்தே வரும். அந்தச் சாய்வுதான் கொஞ்சம் தூக்குவிசை கொடுத்து, உள்ளே இருப்பவர்கள் மேல் விழும் சுமையைக் குறைக்கிறது. இதைச் சொல்லிவிட்டுக் குழந்தைகளை ஒரு சுற்று சுற்றி வரச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் அதிகம் கருகியிருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து குனிந்து, தாங்கியில் தெரிகிற அளவுக்கு அடிப்பகுதியைப் பாருங்கள். "எரிஞ்ச கவசம் எங்கீங்க?" என்பது வழக்கமான கேள்வி. அது இங்கே இருக்காது. பெரிய வெப்பக் கவசம் எரிந்து தன் வேலையை முடித்ததும், கலம் பாராசூட்டில் தொங்கும்போதே கழன்று விழுந்துவிடும். கழல வேண்டிய அவசியம் இருக்கிறது. அதற்கு மேலேதான் தரை எவ்வளவு தூரம் என்று அளக்கும் கருவியும் தரையிறங்கும் சிறு ராக்கெட்டுகளும் ஒளிந்திருக்கின்றன. பாராசூட் விரிந்த பிறகும் கலம் நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வேகத்தில் இறங்கும். தரைக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது அந்த ராக்கெட்டுகள் ஒரு கணம் சீறி, மோதலைத் தணிக்கும். கஜகஸ்தானில் அர்க்காலிக் ஊருக்குக் கிழக்கே புல்வெளியில் டி-10 இறங்கியது இப்படித்தான்.

பக்கவாட்டுக்கு வாருங்கள். இங்கே கருகியிருப்பது பக்கச் சுவரின் காப்பு. டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளம் தெரியும். நேராக அடித்தால் வெறும் கறுப்புதான். சிறு துளைகள் தென்பட்டால் அவை இறங்கும்போது கலத்தைத் திருப்பிப் பிடிக்கும் உந்திகள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி ஓட்டியவை. காயத்துக்குப் போடும் அதே வேதிப்பொருள்தான், ஆனால் பல மடங்கு அடர்த்தி. தொட்டுப் பார்க்கக் குழந்தைகள் கை நீட்டும். விடாதீர்கள். கருகின காப்பு உதிரும் பொருள்.

ஜன்னல்களைத் தேடுங்கள். சுற்றுவட்டத்தில் சின்னதாக இருக்கும். முன்பக்கம் பார்க்க ஜன்னலே கிடையாது, ஏனென்றால் முன்னால் வசிப்பறை மறைத்துக்கொண்டிருக்கும். நிலையத்தோடு இணையும்போது பெரிஸ்கோப் வழியாகத்தான் பார்த்தார்கள்.

பிறகு மேல் கதவு. வசிப்பறைக்குப் போகும் வழி அது. "பாத்ரூம் எங்கே?" என்று எந்தக் குழந்தை கேட்டாலும் அங்கே காட்டுங்கள். கழிப்பறை அந்த எரிந்துபோன உருண்டையில்தான் இருந்தது. புறப்பட்டு மறுநாள்தான் நிலையத்தில் சேர்ந்தார்கள் என்பதை நினைவூட்டினால் வசிப்பறையின் அருமை புரியும்.

மேல்பகுதியிலேயே பக்கவாட்டில் பாராசூட் வைத்த பெட்டிகளின் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒன்று முதன்மைக்கு, இன்னொன்று அது விரியாவிட்டால் மாற்றுக்கு. முதன்மைப் பாராசூட்டின் பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் கால் ஏக்கர். அந்தத் துணி முழுவதும் அந்த இடத்துக்குள் மடித்து அடைக்கப்பட்டிருந்தது. ஜவுளி ஊர்க்காரர்கள் இங்கே நின்று தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள், குறுக்கிடாதீர்கள்.

உள்ளே எவ்வளவு தெரிகிறதோ அதைக் கடைசியில் பாருங்கள். மாடியில் படுத்த நிலையை நினைத்துக்கொண்டு பார்த்தால் எது தலைப்பக்கம், எது கால்பக்கம் என்று பிடிபடும். இருக்கைக்குள் போடும் படுக்கை ஒவ்வொருவர் உடலுக்கும் அச்சு எடுத்து வார்த்தது. கலம் மாறி வந்தபோது அந்தப் படுக்கையும் அவரவரோடு டி-11இலிருந்து டி-10க்கு மாறியது.

போட்டோ இதெல்லாம் முடிந்த பிறகு. ஃப்ளாஷ் வேண்டாம், கருகிய பரப்பில் எதுவுமே பதியாது. பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி எடுத்தால் அளவு தெரியும்.

8. உடையும் குறிப்பேடும்

ராகேஷ் சர்மாவின் விண்வெளி உடையும் பயணக் குறிப்பேடும் அங்கேயே காட்சியில் இருக்கின்றன. உடையைப் பார்த்ததும் நிலவில் நடப்பவர்கள் போடுவது என்று குழந்தைகள் நினைக்கும். அது அல்ல. ஏறும்போதும் இறங்கும்போதும் கலத்துக்குள் காற்று கசிந்தால் உயிர் காக்கப் போட்டுக்கொள்வது. வெளியே போய் நடப்பதற்கு ஆகாது. படுத்து முழங்கால் மடக்கிய நிலைக்கு அளவெடுத்துத் தைத்ததால், இதைப் போட்டுக்கொண்டு நின்றால் கூன் விழுந்த மாதிரிதான் தெரியும். கலத்தைப் பார்த்த பிறகு உடைக்கு வரச் சொல்வது இதனால்தான்.

9. திரும்புவது

விமானம் கிளம்ப நாலு மணி நேரம் முன்னதாகவே வளாகத்தை விட்டு வெளியேறிவிடுங்கள். சாயந்தர நெரிசலில் டெல்லி மெட்ரோவில் குழந்தைகளோடு ஏறுவது சும்மா இல்லை. முதல் பெட்டி பெண்களுக்கானது. அம்மாவும் குழந்தைகளும் அதில் ஏறட்டும், அப்பா அடுத்த பெட்டியில். இறங்கும் நிலையத்தின் பெயரை இரண்டு தரப்பும் வைத்திருக்க வேண்டும்.

நேரம் மிஞ்சினால் ரயில் அருங்காட்சியகம் பக்கம்தான். ஆனால் குழந்தைகள் நோட்டில் கலத்தை வரைந்து முடிக்காமல் அங்கே கூட்டிப்போகாதீர்கள். ரயிலைப் பார்த்தபின் சோயுஸ் மறந்துவிடும். மேல் கதவு, ஜன்னல், பாராசூட் இடம், அடிப்பகுதி நாலும் படத்தில் இருக்கிறதா என்று பார்த்து, விடுபட்டதை இன்னொரு சுற்று போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பீளமேட்டில் இறங்கும்போது நடுநிசி ஆகியிருக்கலாம். ஈரோடு, கரூர் போகிறவர்கள் வண்டியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்நேரத்துக்கு பஸ்ஸை நம்பி நிற்க வேண்டாம்.